கம்பளி எண்ணப் போனவள்

கம்பளிக் கிடங்கு
மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை முழுசாக வந்து சேர்ந்துவிட்டாள். கை, கால் எல்லாம் எண்ணிக்கை சரி. பசி மட்டும் கொஞ்சம் கூடுதல். நீயும் அம்மாவும் சௌக்கியமா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறாள் என்று விசாரித்து எழுது. கெட்டிக்காரியாக இருந்தால் எழுதாதே.

கிளம்பும்போது நீ கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று சொல்ல முடியவில்லை. போன மாதம் ஒரு ஆள் எக்ஸ்சேஞ்சுக்கு ஏழு தடவை போன் செய்து ஏழு நம்பர் கேட்டார். ஏழும் இல்லாத நம்பர். எட்டாவது தடவை, "நான் முதல்ல கேட்ட நம்பர் என்னம்மா?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! ஏழையும் வரிசையாக ஒப்பித்துவிட்டு, "பேச ஆள் இல்லேன்னா ஒரு கிளி வாங்கி வளருங்க சார்" என்று வைத்துவிட்டேன். மறுநாள் வேலை உத்தரவு வந்தது. அவர்தான் இங்கே மேலாளர்.

ஆனால் அவர் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. யாருமே பார்த்ததில்லை. எப்போதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசுவார், நமக்கு முதுகுதான். எல்லோரும் ஜன்னல்காரர் என்றுதான் சொல்கிறோம். முதுகை வைத்துச் சொல்கிறேன், ஐம்பது வயது இருக்கும். முதல் நாள் அவர் கோட்டில் பின்பக்கத் தையல் ஒரு சாண் பிரிந்திருந்தது. நான் சும்மா இருப்பேனா? "சார், முதுகுல தையல் விட்டுப்போச்சு" என்றேன். "நானேதாம்மா பிரிச்சேன். உள்ள வந்த நாலு பேரும் பார்த்தாங்க. நீ ஒருத்திதான் சொன்னே" என்றார். கம்பளிக் கிடங்கில் இதெல்லாம் எதற்கு என்று எனக்கும் புரியவில்லை.

அறையில் ஐந்து இரும்புக் கட்டில். தூங்குமூஞ்சி ஒருத்தி. டீச்சர் ஒருத்தி, சோப்பைக்கூட வரிசையாக அடுக்குவாள். பேக்கரிக்காரர் மகள் ஒருத்தி. ஜன்னல் ஓரத்தில் நீச்சல்காரி. வாய் திறந்தால் ஆறு, குளம், கால்வாய்தான். அவளும் நானும் இரண்டே நாளில் நகமும் சதையுமாகிவிட்டோம். காலையில் ஓடச் சொல்கிறார்கள், பிறகு கம்பளி எண்ணுகிறோம்.

பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் கட்டாயம் வரும். அம்மாவைப் பார்த்துக்கொள்.

உன் அடங்காத தங்கை,
வாலு


வீடு
மார்ச் 24

வாலுக்கு,

இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அம்மா அதைப் பொய்யாக்கிவிட்டாள். போன வாரம் மருந்துக்கடையில் மேல்தட்டு பாட்டிலை எடுக்க ஏணியில் ஏறி, பாட்டிலைக் காப்பாற்றிவிட்டுத் தான் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. வலி அதிகம், ராப்பகலாக முனகினாள். இரண்டு நாள் நான் அழுததைப் பார்த்து, "உடைஞ்சது என் கை, வீங்கினது உன் கண்ணா?" என்கிறாள். கடைக்கு மட்டும் லீவு போட மாட்டேன் என்கிறாள். டாக்டர்களின் கிறுக்கலை அவளைத் தவிர யாரும் படிக்க முடியாதாம், இருபத்திரண்டு வருஷப் படிப்பாம். உடனே இரண்டு வரி எழுது, அவளுக்குத் தெம்பாக இருக்கும்.

இப்போது உன் விஷயம். நான் அச்சகத்தில் நாளெல்லாம் புரூஃப் பார்க்கிறவள். உன் கடிதத்தில் பிழைகள் கண்ணைக் குத்துகின்றன. கிளம்புமுன் என்ன சொன்னாய்? "அங்க எடுத்திருக்கற எல்லாருக்குமே அந்தப் பக்கத்து மொழி வரும்க்கா." அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம் ரயில் பட்டறையில் வேலை பார்த்த எட்டு வருஷத்தில் நாம் கற்ற மொழி. கம்பளி எண்ண அது எதற்கு? அந்த ஆடெல்லாம் அந்தப் பக்கத்து ஆடா? இந்த யுத்த காலத்தில் அந்த மொழி தெரிந்த பெண்களாகப் பொறுக்கி எடுத்து, ஓடவும் விட்டு, தையல் பிரிந்ததைக் கண்டுபிடிக்கவும் வைக்கிற கிடங்கு எது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே.

கோபத்தில் முகத்தைத் திருப்பவில்லை. அழுகை வந்தது, அதனால் திருப்பினேன்.

உன் அக்கா


கம்பளிக் கிடங்கு
ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே மிகவும் நலம். உன் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. அதிலும் அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்மா எப்போதும் இப்படியே இருக்க வேண்டும் என்று சொல்.

ஒருவழியாக ஜலதோஷம் விட்டது. நல்லவேளை, மூக்கு என் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டது. புதிதாக வந்த பெண்ணின் குறட்டையும் பழகிவிட்டது. வேலை சுலபம். இங்கே வானிலை எப்படியோ அப்படியே இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
வாலு


அச்சகம்
ஏப்ரல் 21

கம்பளிக் கிடங்கு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் ஜன்னலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் தங்களிடம் வேலை பார்க்கும் வாலுவின் அக்கா. அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது என் வேலை. தவறு கண்டால் சும்மா இருக்க முடியாத வியாதி எங்கள் குடும்பத்துக்கே உண்டு, அதைத் தாங்களும் சோதித்துப் பார்த்திருக்கிறீர்கள்.

ஏப்ரல் 2ஆம் தேதிக் கடிதத்தில் என் தங்கைக்கு ஜலதோஷம் விட்டுவிட்டது. 17ஆம் தேதிக் கடிதத்தில், "நேற்று முதல் ஜலதோஷம் பிடித்திருக்கிறது" என்கிறாள். சரி, மறுபடி பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் கடிதத்தில் புதிதாக வந்த பெண்ணின் குறட்டை பழகிவிட்டது. இரண்டாவதில், "அறைக்குப் புதிதாக ஒரு பெண் வரப்போகிறாளாம்." வராத பெண் குறட்டை விட்டாளா ஐயா? அம்மாவின் கை முறிந்ததை எழுதினேன். சிரித்து வயிறு வலித்ததாம். அந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டாமல் விழுங்கிவிட்டேன். என் தங்கை வாயாடி, ஆனால் அம்மாவுக்குத் தலைவலி என்றால்கூட ஊரைக் கூட்டுகிறவள்.

ஆகவே எனக்குப் புரிந்தது இது. அவள் கடிதங்களை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, தேதி போட்டு அனுப்புகிறீர்கள். அனுப்புகிறவர் வரிசையைக் கலைத்துவிட்டார். கடிதம் இங்கே இருக்கிறது என்றால் அவள் அங்கே இல்லை.

அவள் எங்கே? எத்தனை கடிதம் எழுதிக் கொடுத்தாள்? மிச்சம் எத்தனை? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நேரில் வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பேன்.

இப்படிக்கு,
அக்கா


ஏப்ரல் 25

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாயாரின் கை தேறி வருவதாக நம்புகிறேன்.

இதைக் கொண்டுவருபவள் தங்கள் அச்சகத்தில் கல்யாண அழைப்பிதழ் அடிக்க வந்தவளாகச் சொல்லிக்கொள்வாள். படித்ததும் இதை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடவும்.

தாங்கள் கண்டது சரி. தங்கள் தங்கை கம்பளி எண்ணவில்லை. மார்ச் 20 முதல் எல்லைக்கு அப்பால் இருக்கிறார். அங்கே ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து கேட்க வேண்டியதைக் கேட்டு எங்களுக்குச் சொல்கிறார். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். ஆபத்தா என்றும் கேட்க வேண்டாம், தங்களுக்குத் தெரியும்.

போகிற ஒவ்வொரு பெண்ணிடமும் எட்டுக் கடிதம் எழுதி வாங்குவது எங்கள் வழக்கம். வீட்டில் கவலைப்பட்டால் அக்கம்பக்கத்தில் பேசுவார்கள், பேசினால் பெண் அகப்படுவாள். இரண்டு போய்விட்டன, ஆறு பாக்கி. கடைசிக் கடிதம் ஜூலை 16. அதற்குள் திரும்பிவிடுவார் என்பது ஏற்பாடு. வரிசையைக் கலைத்த எழுத்தர் இப்போது நிஜமாகவே கம்பளி எண்ணிக்கொண்டிருக்கிறார்.

தாயாருக்குத் தெரிய வேண்டாம். இது உத்தரவு அல்ல, வேண்டுகோள்.

ஒரு கேள்வி. எட்டு வருடம் அந்தப் பக்கம் இருந்திருக்கிறீர்கள். தங்களுக்கும் அந்த மொழி வருமா?

மேலாளர்


அச்சகம்
ஏப்ரல் 28

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அம்மாவின் கை தேறுகிறது. என் நெஞ்சுதான் தேறவில்லை.

மொழி வரும், நான் வரமாட்டேன். ஒரு வீட்டிலிருந்து ஒருத்தி போதும். உங்களுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால் அது எந்த ஜன்னல் வழியாகப் போயிற்று என்று தேடிப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அச்சுக்கோப்பவர், "என்னம்மா, ஒரே பக்கத்தை மூணாவது தடவையா பார்க்கறீங்க?" என்றார். முட்டாள்தனமாக எல்லாம் தோன்றியது. ஜூலை 16 என்பதை நாட்காட்டியில் வட்டம் போடப் போய், அம்மா பார்ப்பாளே என்று பயந்து போடாமல் விட்டேன்.

அம்மாவுக்குச் சொல்ல மாட்டேன். இருதயம் பலவீனம், தாங்க மாட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை. மீதி ஆறு கடிதங்களும் முதலில் என்னிடம் வரவேண்டும். வரிசைப்படுத்தித் தருகிறேன். கை முறிந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் ஆறு கடிதம் வந்தால் கல்லுக்கும் சந்தேகம் வரும். ஒவ்வொன்றிலும் அவள் கிறுக்கலிலேயே ஒரு பின்குறிப்பு சேர்த்துவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் அவளுடைய வீட்டுப்பாடத்தை எல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன், அந்த எழுத்து எனக்குக் கைவந்த கலை.

இன்னொன்று. அழைப்பிதழ் அடிக்க வந்த பெண், மாப்பிள்ளை பெயரைக் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறாள். முதலாளி எதிரில் எனக்கு வேர்த்துவிட்டது. அடுத்த தடவை மாப்பிள்ளையையும் யோசித்துவிட்டு அனுப்புங்கள்.

அக்கா


ஜூலை 20

அம்மையீர்,

நலமா என்று கேட்டு எழுதும் கடிதம் அல்ல இது. ஆனாலும் கேட்கிறேன்.

தாங்கள் திருத்திய ஆறு கடிதங்களில் கடைசியும் போய்விட்டது. தங்கை திரும்பவில்லை. ஜூன் 14 வரை வாரம் ஒருமுறை அவரிடமிருந்து தகவல் வந்தது. பிறகு இல்லை. எல்லைச் சாலைகளை அடைத்துவிட்டார்கள். அவர் பிடிபட்டதாகவும் செய்தி இல்லை. நல்லதும் கெட்டதும் இரண்டுமே இல்லை. இதை மழுப்பி எழுத இரண்டு தாள் வீணாக்கினேன். மழுப்பினால் தாங்கள் சிவப்பு மையால் கோடு போடுவீர்கள்.

ஆகஸ்ட் முதல் தேதி தாயார் கடிதம் எதிர்பார்ப்பார். என்னிடம் ஒன்பதாவது கடிதம் இல்லை. எழுத முடியுமா?

முடியாது என்றால் புரிந்துகொள்வேன்.

மேலாளர்


அச்சகம்
ஜூலை 26

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலமில்லை. கேட்டதற்கு நன்றி.

முடியாது என்று எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். செத்தவளின் பெயரில் கடிதம் எழுதுவதா என்று உடம்பெல்லாம் கூசியது. பிறகு உறையைக் கிழித்தேன். எழுத மறுத்தால் அவள் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். எழுதினால், எழுதுகிற வரைக்குமாவது அவள் இருக்கிறாள். என் எதிரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, "இப்படியா எழுதுவேன்? இன்னும் கொஞ்சம் திமிரா எழுதுக்கா" என்கிறாள். எழுதி முடித்தபோது சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

இத்துடன் ஒன்பதாவது. பத்தாவதும் எழுதித் தருவேன். ஐம்பதாவதும் தருவேன். அவளைத் தேடுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அக்கா

(இணைப்பு)

கம்பளிக் கிடங்கு
ஆகஸ்ட் 1

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் சின்ன மகள் குண்டுக்கல் மாதிரி இருக்கிறாள். மாவுக்கட்டு பிரித்த கையால் பளு தூக்காதே. மேல்தட்டு பாட்டிலை முதலாளியே ஏறி எடுக்கட்டும், அவருக்கும் ஒரு கை இருக்கிறது உடைக்க.

இங்கே வந்து கம்பளி எண்ணும்போதெல்லாம் யோசிக்கிறேன், அக்கா சொன்னதை எல்லாம் நான் கேட்டிருக்க வேண்டும். அவள் எவ்வளவு பொறுமைசாலி, எவ்வளவு அறிவாளி! அந்தப் பீங்கான் விளக்கை அக்கா உடைத்தாள் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறாய். உடைத்தது நான்தான். என் நீலக் கோட்டை அக்காவுக்கே கொடுத்துவிடு. அவளுக்குத்தான் அது எடுப்பாக இருக்கும்.

லீவு கிடைக்கவில்லை. கிடைத்ததும் முதல் வண்டியில் வருவேன். சத்தியமாக வருவேன்.

உன் செல்ல மகள்,
வாலு


மருந்துக்கடை
ஆகஸ்ட் 24

மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பெண் பிள்ளைகளை வைத்து நடத்துகிறீர்கள், உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வாலுவின் அம்மா. ஜனவரியில் எங்கள் கடைக்கு மூன்று தடவை வந்து தொண்டை மாத்திரை வாங்கியது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். தொண்டை வலிப்பவர்கள் காகிதத்தைப் பிரித்ததும் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார்கள். நீங்கள் மூன்று தடவையும் பைக்குள் போட்டுக்கொண்டு, எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த என் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முதலில் பையனுக்குப் பெண் பார்க்கிறீர்கள் என்று நினைத்து, உங்கள் செருப்பை எல்லாம் நோட்டம் விட்டேன். அடுத்த மாதம் கம்பளிக் கிடங்கு வேலை என்று வந்து நின்றாள். போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆசைப்பட்டது அவள் முகத்தில் தெரிந்தது. இப்போது தினமும் நினைத்துக்கொள்கிறேன், சொல்லியிருக்கலாமோ என்று.

இருபத்திரண்டு வருஷமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்து மருந்து கலக்கிறேன். ஒரு எழுத்தைத் தவறாகப் படித்தால் ஒரு உயிர் போகும். என் பெண்களின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மே மாதத்துப் பின்குறிப்புகளே பெரியவள் கைதான். ஆகஸ்டில் வந்த இரண்டு கடிதமும் முழுக்க அவள்தான். கிறுக்கல் எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது. ஆனால் சின்னவள் எழுதினால் வரி மலையேறும். பெரியவள் எவ்வளவு கிறுக்கினாலும் வரி தண்டவாளம் மாதிரி நேராகப் போகிறது. ஆகவே சின்னவளின் கடிதங்கள் தீர்ந்துவிட்டன, அவள் திரும்பவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இதைப் பெரியவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவளை எழுதச் சொல்லிக்கொண்டே இருங்கள். எழுதுகிற நாட்களில்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். எனக்கு இருதயம் பலவீனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறாள். கடிதம் வந்ததும் உரக்கப் படித்துக் காட்டுவாள். படித்து முடித்து என் முகத்தைப் பார்ப்பாள். நானும், "பாரேன், என்ன கொழுப்பு இவளுக்கு!" என்று சிரிப்பேன். அவளுக்கு உயிர் வரும். விளக்கை உடைத்தது பெரியவள்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும், இருந்தாலும் கடிதத்தைக் கேட்டதும் சின்னவளைத் திட்டி வைத்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் ஐயா. எந்தச் செய்தி வந்தாலும் முதலில் எனக்கு எழுதுங்கள், கடை விலாசத்துக்கு. கெட்டதாக இருந்தால் பெரியவளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அதை அவள் கடிதத்தில் படிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


செப்டம்பர் 19

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

தாங்கள் சொன்னபடி கடை விலாசத்துக்கே எழுதுகிறேன். தங்கள் கடிதத்துக்கு இதுவரை பதில் எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லை.

இன்று இருக்கிறது. நேற்றுப் பிற்பகல் தங்கள் சின்ன மகள் எல்லையைத் தாண்டி வந்து சேர்ந்தார். வலது கணுக்கால் முறிந்து, சரியாகப் பொருந்தாமல் ஆறியிருக்கிறது. கொஞ்சம் நொண்டுவார் என்கிறார் டாக்டர். மெலிந்திருக்கிறார். பேசுகிறார். வந்ததிலிருந்து நிறுத்தவில்லை. பத்து நாளில் வீட்டுக்கு அனுப்புகிறேன். அதற்குள் தன் கையாலேயே வீட்டுக்கு எழுதுவார், ஆகவே தாங்கள் எனக்குப் பதில் போட வேண்டாம்.

இந்த வேலையில் பல வருடமாக ஆட்களை மறைந்திருந்து பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்துவிட்டவர் தாங்கள் ஒருவர்தான். அன்று வாங்கிய மாத்திரை ஒன்றை இப்போது வாயில் போட்டுப் பார்த்தேன். மகா கசப்பு.

மேலாளர்


கம்பளிக் கிடங்கு
செப்டம்பர் 23

என் அக்காவுக்கு,

நான்தான். நிஜமாக நான்தான். வழக்கம்போல வரி மேலே போகிறதா பார். அழாதே, புரூஃபில் மை கலைந்துவிடும்.

ஜன்னல்காரர் உன் கடிதங்கள் மட்டும் இருந்த கோப்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, "இதையெல்லாம் படிச்சிடும்மா. வீட்டுக்குப் போய் மாத்தி உளறிடக் கூடாது" என்றார். அடிப்பாவி! நான் எல்லைக்கு அந்தப் பக்கம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன், நீ இந்தப் பக்கம் என் நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறாயா? என் தாராள மனசைப் படித்து எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. விளக்கை உடைத்தது நானாமே? அக்கா பொறுமைசாலியாம், அறிவாளியாம்! இன்னும் நாலு மாதம் நான் வராவிட்டால் உனக்குச் சிலை வைக்கச் சொல்லி நானே எழுதியிருப்பேன். கோட்டைத் தோய்த்து மடித்து வை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூனில் எக்ஸ்சேஞ்சில் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். பின்சுவர் ஏறிக் குதித்தேன், குதித்ததில் கால் போயிற்று. ஊர்க் கோடியில் ஒரு சலவைக்கூடத்தில், பட்டாளத்து ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடம், ஒரு புண்ணியவதி என்னை ஊமை என்று சொல்லி வேலைக்கு வைத்துக்கொண்டாள். நான் ஊமை! மூன்று மாதம்! அங்கே எனக்கு என்ன வேலை தெரியுமா? கம்பளி எண்ணுவது. ஒரு நாளைக்கு இருநூறு. அம்மா கேட்டால் இனி ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம் பார்.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ஜன்னல் ஓரத்துக் கட்டில் காலியாக இருக்கிறது. நீச்சல்காரி இன்னும் வரவில்லை. ஆற்று வழியாக அனுப்பினார்களாம். அவளுடைய எட்டுக் கடிதங்களும் போன வாரம் தீர்ந்துவிட்டன. அவளுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன், என்ன சொல்லிச் சிரிப்பாள், எதற்குக் கோபப்படுவாள் என்று எல்லாம். அவளுக்காக ஒன்பதாவதை நீ எழுதுவாயா அக்கா?

வியாழக்கிழமை மாலை நாலு மணி வண்டியில் வருகிறேன். கிடங்கில் படியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடலாம். அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், லீவு என்று. அவளுக்கு ஒரு வார்த்தை தெரியக் கூடாது. ஒன்றும் அறியாத ஜீவன், தாங்க மாட்டாள்.

உன் வாலு


மருந்துக்கடை
செப்டம்பர் 27

சின்னக் குட்டிக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அக்காவும் நலம். லீவு கிடைத்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். படியில் வழுக்கி விழுந்ததையும் அக்கா சொன்னாள். கம்பளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் படி தெரியாதுதான். கிடங்குக்காரர்கள் ஒரு விளக்காவது போடக் கூடாதா? காலில் தடவ ஒரு களிம்பு கலக்கி வைத்திருக்கிறேன்.

உன் அக்காவுக்கு மூன்று நாளாக என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. பாட்டுப் பாடுகிறாள். உன் நீலக் கோட்டைத் துவைத்து, காய்ந்ததை எடுத்து மறுபடி துவைத்தாள். அச்சகத்திலிருந்து காகிதக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு யாருக்கோ கடிதம் எழுதுகிறாள், எழுதிவிட்டுக் கிழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்கிறாள். "கம்பளிக் கிடங்குல இருந்து வர்றவளை வரவேற்க ஊரே திரண்டு போகணுமாம்மா?" என்கிறாள். நான் கூட்டத்தில் நின்று அழுதுவிடுவேனாம், உடம்புக்கு ஆகாதாம். எதற்கு அழப் போகிறேன்? பெட்டி கனமாக இருக்குமே என்றுதான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வண்டி நாலு மணிக்குத்தான். கடையில் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையிலேயே வந்து நிற்பேன்.

அம்மா